தொடு உணர்வைத் தூரத்துக்கு அனுப்ப முடியுமா?



ஜவுளிக் கடைக்குள் நுழைகிறவரின் கண் முதலில் நிறத்தைப் பார்க்கும். ஆனால் வாங்குவதா, வேண்டாமா என்று தீர்மானிப்பது கைதான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துணியை வைத்துத் தேய்த்துப் பார்த்த பிறகே விலை கேட்பார். மளிகையிலும் இதே கதைதான். துவரம்பருப்பை உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார்கள். அரிசியை அள்ளி ஈரப்பதம் பார்ப்பார்கள். மஞ்சளானாலும், வத்தலானாலும், கொப்பரையானாலும் கை படாமல் கொள்முதல் செய்யாத தலைமுறை நம்முடையது.

இன்று செல்போனில் படம் போகிறது, விலை போகிறது, "சரி" என்று பதில் வருகிறது, பணமும் வந்துவிடுகிறது. சரக்கு லாரியில் ஏறுகிறது. இதில் கண்ணுக்கு வேலை உண்டு. காதுக்கும் வேலை உண்டு. கைக்கு மட்டும் வேலை இல்லாமல் போய்விட்டது. இந்தக் குறையை விஞ்ஞானம் எதுவரை தீர்த்திருக்கிறது, தீரும்வரை நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தகப்பனாரின் கடையில் உட்கார்ந்தவன். இன்ஜினீயரிங் படிக்கும் பேரனிடம் கேட்டும், கிடைத்ததைப் படித்தும் தெரிந்துகொண்டதை வியாபாரி பாஷையில் சொல்கிறேன்.

நான் பட்ட பாடு

முதலில் இந்த விஷயத்தில் எனக்கு ஏன் அக்கறை வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 2021-ஆம் ஆண்டு கோடையில் கொரோனா இரண்டாம் அலை. ஈரோட்டில் ஜவுளிச் சந்தை கூடவில்லை. வீட்டில் இருந்தபடியே பெட்ஷீட் படங்களை வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். தென் மாவட்டத்தில் உள்ள ஒரு சில்லறைக் கடைக்காரர், பதினெட்டு வருடம் என்னிடம் சரக்கு எடுத்தவர், 240 பீஸ் கேட்டார். போனில் "எப்படி இருக்கும்?" என்றார். "போன தடவை மாதிரியே மெத்தென்று இருக்கும்" என்றேன். நான் அனுப்பிய படம் போன லாட்டில் எடுத்தது.

புது லாட் அதே தறிக்காரரிடமிருந்து வந்தது. அதே டிசைன், அதே நிறம், அதே அளவு. ஆனால் நூல் கிடைக்காத நேரமாதலால் ஊடை நூலை மட்டும் மாற்றி, ஓ.ஈ. நூல் போட்டிருக்கிறார்கள். ஜவுளி அல்லாத வணிகர்களுக்காகச் சொல்கிறேன்: ரிங் நூல் என்பது ஒரு விதமாக நூற்பது, ஓப்பன் எண்ட் என்கிற ஓ.ஈ. நூல் வேறு விதமாக நூற்பது. நம்பர் ஒன்றாக இருந்தாலும் ஓ.ஈ. நூல் கைக்குச் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். படத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. கையில் எடுத்தால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அந்த லாட்டை நான் தொட்டே பார்க்கவில்லை. கிடங்கிலிருந்து நேரே பேல் கட்டி அனுப்பிவிட்டார்கள்.

சரக்கு போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை. "ஏனுங்க அண்ணாச்சி, படத்துல இருந்ததுதானுங்களே வந்திருக்குது? நிறம் மாறிப்போச்சா, அளவு குறைஞ்சுபோச்சா?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "படத்தைப் பார்த்தா என் கடைக்கு வர்ற பொம்பளையாளுங்க வாங்குதாங்க? தடவிப் பார்த்துல்லா வாங்குதாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அதன் பிறகு பதினான்கு மாதம் அவரிடமிருந்து ஓர் ஆர்டரும் இல்லை. கடைசியில் நானே பஸ் ஏறிப் போனேன். காபி வாங்கிக் கொடுத்தார். பழைய லாட்டில் ஒன்றும் புதிய லாட்டில் ஒன்றும் எடுத்து என் மடியில் வைத்தார். வேறு எதுவும் பேசவில்லை. கை வைத்த உடனே எனக்குத் தலை குனிந்துவிட்டது. அடக்க விலைக்கும் கீழே தள்ளியதில் அவருக்கு ஏற்பட்ட நஷ்டத்தைக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். நான் ஏமாற்றவில்லைதான். ஆனால் கையால் சொல்ல வேண்டியதைக் கண்ணால் சொல்ல முயன்றேன். தப்பு அங்கேதான்.

விரலுக்குள் என்ன இருக்கிறது?

1876-இல் கிரகாம் பெல் டெலிபோனைக் காட்டினார். 1926-இல் ஜான் பேர்டு லண்டனில் டெலிவிஷனைக் காட்டினார். குரலும் முகமும் தூரம் போய் நெடுங்காலம் ஆகிறது. தொடு உணர்வு மட்டும் ஏன் பின்தங்கியது? விரலுக்குள் இருக்கும் ஏற்பாட்டைப் பார்த்தால் காரணம் புரியும்.

மனிதனின் ஒரு கையின் உள்பக்கத் தோலில், தொடுதலை உணரும் நரம்பு முனைகள் சுமார் 17,000 இருப்பதாக மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இவை முக்கியமாக நான்கு வகை. ஒரு வகை மெல்லிய அழுத்தத்தையும் விளிம்புகளையும் சொல்லும். இன்னொரு வகை பொருள் கையிலிருந்து நழுவுவதைச் சொல்லும். மூன்றாவது வகை தோல் இழுபடுவதைச் சொல்லும். நான்காவது வகை, விநாடிக்கு இருநூறு முந்நூறு தடவை வரும் நுண்ணிய அதிர்வைக்கூடச் சொல்லிவிடும். சூடு, குளிர்ச்சி, வலி ஆகியவற்றுக்குத் தனி நரம்புகள் உண்டு. தசையும் மூட்டும் கனத்தைச் சொல்லும். வெப்பத்தையும் தொடுதலையும் உடல் எந்தப் புரதங்களைக் கொண்டு உணர்கிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் 2021-இல் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

விரலின் நுட்பத்துக்கு ஓர் உதாரணம். 2013-இல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் மிக நுண்ணிய வரிகள் கொண்ட தகடுகளைச் செய்து, கண்ணைக் கட்டி மனிதர்களைத் தடவச் சொன்னார்கள். வெறும் 13 நானோமீட்டர் உயரமுள்ள வரியைக்கூட விரல் கண்டுகொண்டது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் 13 பங்கு. எந்தக் கண்ணுக்கும் இது தெரியாது.

வியாபாரிகளாகிய நமக்கு ரொம்பப் பிடிக்கும் ஆராய்ச்சி இன்னொன்று உண்டு. 1987-இல் சூசன் லெடர்மன், ராபர்ட்டா கிளாட்ஸ்கி என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள், மனிதர்கள் ஒரு பொருளைக் கையால் சோதிக்கும்போது என்னென்ன அசைவு செய்கிறார்கள் என்று கவனித்து வகைப்படுத்தினார்கள். சொரசொரப்பை அறிய விரலைப் பக்கவாட்டில் தேய்க்கிறோம். கடினத்தை அறிய அழுத்துகிறோம். சூடு, குளிர்ச்சியை அறிய அசையாமல் கையை வைக்கிறோம். கனத்தை அறியத் தூக்கிப் பிடிக்கிறோம். பருமனை அறியக் கைக்குள் அடக்குகிறோம். உருவத்தை அறிய ஓரத்தைத் தடவிப் போகிறோம். நம் கடையில் தினமும் நடப்பது இதுதானே! துணியைத் தேய்ப்பது, வெல்லத்தை அழுத்துவது, தேங்காயைத் தூக்கிப் பார்ப்பது எல்லாம் இதில் அடக்கம்.

இதிலிருந்து ஒரு முக்கியமான பாடம் கிடைக்கிறது. கண்ணும் காதும் சும்மா இருந்தாலே போதும், காட்சியும் ஓசையும் தாமாக வந்து விழும். கை அப்படியல்ல. அது அசைந்தால்தான் அறியும். நான் அழுத்த வேண்டும், பொருள் எதிர்த்து அழுத்த வேண்டும். கொடுத்து வாங்கும் வியாபாரம் மாதிரி இதுவும் இருவழிப் பாதை.

இருவழிப் பாதைக்கு நம்மூரிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மறைத்து, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். ஒருவர் அழுத்த, மற்றவர் மாற்றி அழுத்த, பேரம் வாய் திறக்காமல் முடிந்துவிடும். ஒரு துண்டின் அகலத்துக்குள் நடக்கிற அந்தப் பேச்சை ஆயிரம் மைலுக்கு நீட்டுவதுதான் விஞ்ஞானிகள் பார்க்கும் வேலை.

தூரத்திலிருந்து தொட்டவர்கள்

இந்த முயற்சி தொடங்கியது அணுசக்திக் கூடத்தில். கதிரியக்கப் பொருளைக் கையால் தொட முடியாது. அமெரிக்காவில் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில் ரேமண்ட் கெர்ட்ஸ் என்ற இன்ஜினீயர் 1940-களின் கடைசியில் ஒரு ஜோடி இயந்திரக் கைகளைச் செய்தார். தடித்த சுவருக்கு இந்தப் பக்கம் மனிதன் பிடிக்கும் கை, அந்தப் பக்கம் இடுக்கி போன்ற இன்னொரு கை. இடையில் இணைப்பு இருந்ததால், இடுக்கி எதையாவது பற்றினால் அதன் இறுக்கம் மனிதன் கைக்கும் தெரிந்தது. 1950-களில் அதையே மோட்டாரும் மின்கம்பியும் கொண்டு செய்து காட்டினார். கம்பி வழியாக விசை போய்த் திரும்பியது அப்போதுதான்.

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிலையத்தில் தாமஸ் மாஸ்ஸி என்ற மாணவரும் கென்னத் சாலிஸ்பரி என்ற ஆசிரியரும் 'ஃபேண்டம்' என்ற கருவியைச் செய்தார்கள். அதிலுள்ள தொப்பிக்குள் விரலை நுழைத்துக்கொண்டு வெறும் காற்றில் அசைத்தால், கம்ப்யூட்டருக்குள் மட்டுமே இருக்கும் ஒரு பெட்டியின் மேல் விரல் முட்டும். இல்லாத பொருள் கையைத் தடுக்கும்.

2002 அக்டோபர் 29 அன்று இந்தக் கருவியில் ஒன்று எம்.ஐ.டி.யிலும் இன்னொன்று லண்டனிலும் இருக்க, அட்லாண்டிக் கடலுக்கு இரு கரையிலும் இருந்த இருவர் இன்டர்நெட் வழியாக ஒரே பெட்டியை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். ஒருவர் தள்ளியது மற்றவர் விரலுக்குத் தெரிந்தது. எம்.ஐ.டி. பக்கம் இந்த வேலையை நடத்தியவர் நம் நாட்டைச் சேர்ந்த மண்டயம் சீனிவாசன். சென்னை ஐ.ஐ.டி.யிலும் பேராசிரியர் மணிவண்ணன் தலைமையில் தொடு உணர்வு ஆய்வுக்கூடம் இருக்கிறது என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

வானத்திலும் இது நடந்திருக்கிறது. 2015 செப்டம்பர் 7 அன்று, சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த டென்மார்க் வீரர் ஆண்ட்ரியாஸ் மொகென்சன், நெதர்லாந்தில் தரையில் நின்ற ஒரு ரோபோ வண்டியை மேலிருந்தே இயக்கினார். ஓர் உலோக முளையை அதற்கென உள்ள துளைக்குள் செருக வேண்டும். முளைக்கும் துளைக்கும் நடுவில் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். கண்ணால் மட்டும் பார்த்து இதைச் செய்வது கடினம். முளை துளையின் ஓரத்தில் முட்டுவதைக் கைப்பிடியில் உணர்ந்து உணர்ந்து அவர் செருகினார்.

இனி மருத்துவம். 2001 செப்டம்பர் 7 அன்று பிரெஞ்சு அறுவை நிபுணர் ஜாக் மாரெஸ்கோ நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு, பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் படுத்திருந்த 68 வயதுப் பெண்மணியின் பித்தப்பையை ரோபோ மூலம் அகற்றினார். உலகமே வியந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த அறுவையில் டாக்டருக்குக் காட்சிதான் வந்தது. தொடு உணர்வு வரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்க அரசின் அனுமதி பெற்று, பிறகு உலகம் முழுவதும் பரவிய 'டாவின்சி' அறுவை ரோபோவிலும் நெடுங்காலம் அதே நிலைமைதான். தையல் நூலை எவ்வளவு இழுத்தால் அறும் என்பதை டாக்டர்கள் கண்ணால் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். 2024-இல் அனுமதி பெற்ற 'டாவின்சி 5' மாடலில்தான், கருவியின் நுனியில் ஏற்படும் இழுப்பையும் அழுத்தத்தையும் டாக்டரின் கைக்குச் சொல்லும் வசதி வந்தது. உயிரைக் காக்கும் தொழிலுக்கே தொடு உணர்வு இவ்வளவு தாமதமாகக் கிடைத்தது என்றால், இது எவ்வளவு கடினமான வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

கடினம் எங்கே?

சினிமாவில் விநாடிக்கு 24 படம் ஓடினால் கண் ஏமாந்துவிடும். கை அவ்வளவு சுலபமாக ஏமாறாது. கெட்டியான சுவரைத் தொடுவது போன்ற உணர்வைத் தர வேண்டுமானால், கருவி விநாடிக்குச் சுமார் ஆயிரம் தடவை கணக்குப் போட்டு விசையைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்தால் சுவர் கொழகொழவென்று ஆகிவிடும், அல்லது கை நடுங்கும்.

இதற்கு மேல் தாமதம் என்ற சங்கடம் இருக்கிறது. அந்தக் காலத்தில் தபாலிலேயே விலை பேசியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். நான் 100 ரூபாய் என்று கார்டு போடுகிறேன். பதில் வருவதற்குள் சந்தை ஏறிவிட்டதே என்று பயந்து 110 என்று இன்னொரு கார்டு போடுகிறேன். என் முதல் கார்டைப் பார்த்து அவர் 95-க்குக் கேட்கிறார். இரண்டாவதைப் பார்த்து வேண்டாம் என்கிறார். இருவரும் பழைய செய்திக்கே பதில் சொல்லிக்கொண்டு, பேரம் இங்கும் அங்கும் ஊசலாடும். ரோபோக் கையிலும் இப்படித்தான். அது சுவரில் முட்டிய செய்தி தாமதமாக வந்தால், அதற்குள் என் கை இன்னும் தள்ளியிருக்கும். பிறகு ஒரேயடியாக எதிர்விசை வந்து என் கையை உதறும். நான் பின்வாங்குவேன், அதுவும் தாமதமாகப் போய்ச் சேரும். இயந்திரம் கிடுகிடுவென்று ஆடத் தொடங்கிவிடும்.

தாமதத்தை அறவே ஒழிக்க முடியாதா என்றால், ஒளியின் வேகமே குறுக்கே நிற்கிறது. கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் 200 கிலோமீட்டர். போய்த் திரும்ப வேண்டும் என்பதால் 100 கிலோமீட்டர்தான் கணக்கு. ஈரோட்டிலிருந்து கோயமுத்தூர் தொடலாம். சென்னை என்றால் அதைப்போல் நான்கு மடங்கு நேரம். நடுவில் உள்ள கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரம் இதற்கு மேல். ஆகவே இன்ஜினீயர்கள் வேறு வழி பார்க்கிறார்கள். எதிர்ப்பக்கம் என்ன இருக்கும் என்று இந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டரே முன்கூட்டி யூகித்துக் கைக்குச் சொல்கிறது. உண்மைச் செய்தி வந்ததும் திருத்திக்கொள்கிறது. மொகென்சன் விஷயத்தில் செய்தி உயரத்தில் உள்ள செயற்கைக்கோள் வழியாகச் சுற்றி வந்ததால் தாமதம் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட இருந்தது. அதைச் சமாளித்ததுதான் சாதனை.

துணியின் தொடு உணர்வுக்கு நம்பர்

இனி நம் ஜவுளித் தொழிலுக்கு வருகிறேன். உணர்வை அப்படியே அனுப்ப முடியாவிட்டால், அதை அளந்து எண்ணாக அனுப்பலாமே என்று யோசித்தவர்கள் உண்டு. 1930-இலேயே மான்செஸ்டரில் பியர்ஸ் என்பவர், துணியின் கைப்பதத்தை அளந்து சொல்ல முடியும் என்று கட்டுரை எழுதினார். ஒரு துண்டுத் துணியை மேசை விளிம்பிலிருந்து நீட்டினால் எவ்வளவு தூரத்தில் தன் கனத்தாலேயே வளைகிறது என்று பார்ப்பது அவர் காட்டிய வழிகளில் ஒன்று. விறைப்பான துணி நீண்டு நிற்கும், தொய்வான துணி உடனே மடங்கும்.

பிறகு ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் சுவேயோ கவபாட்டா 1970-களில் இதைப் பெரிய அளவில் செய்தார். அவர் முதலில் போனது கருவியிடம் அல்ல, ஆலைகளில் துணி தடவியே பழுத்த அனுபவசாலிகளிடம். அவர்களை ஒரு குழுவாக உட்கார வைத்து, நீங்கள் எதைக் கோஷி என்கிறீர்கள், எதை நுமெரி என்கிறீர்கள், எதை ஃபுகுராமி என்கிறீர்கள் என்று கேட்டார். கோஷி என்றால் வளைத்தால் எதிர்த்து நிற்கும் விறைப்பு. நுமெரி என்றால் வழுவழுப்பு கலந்த மென்மை. ஃபுகுராமி என்றால் கைக்கு நிறைவான புசுபுசுப்பு. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று போடச் செய்தார். பிறகு நான்கு கருவிகளைக் கொண்டு அதே துணிகளை இழுத்தும், சாய்த்தும், வளைத்தும், அமுக்கியும், மேற்பரப்பைத் தேய்த்தும் அளந்தார். கனம், தடிமன் உட்பட மொத்தம் 16 அளவுகள். அந்த எண்களிலிருந்து அனுபவசாலிகளின் மதிப்பெண்ணைக் கணக்கிடும் சூத்திரத்தை உண்டாக்கினார். உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் இந்த முறை புழங்குகிறது.

எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், அந்தச் சூத்திரத்தின் அஸ்திவாரம் கிழட்டு விரல்கள்தான். கருவி தானாக எதையும் சொல்லவில்லை. அனுபவசாலிகள் ஒரே வார்த்தைக்கு ஒரே பொருள் வைத்துக்கொண்ட பிறகுதான் கருவியால் பேச முடிந்தது.

கண்ணாடியில் சொரசொரப்பு

"செல்போன் கண்ணாடியைத் தடவினால் துணி மாதிரியே தெரியும்படி செய்ய முடியுமா?" என்று பேரனிடம் கேட்டேன். "கொஞ்சம் முடியும் அப்பாரு" என்றான். 1950-களில் மாலின்க்ராட் என்ற அமெரிக்கர், பித்தளை விளக்குத் தாங்கியைத் தடவும்போது, விளக்கு எரிந்தால் ஒரு விதமாகவும் அணைந்தால் வேறு விதமாகவும் தெரிவதைத் தற்செயலாகக் கவனித்தார். மின்சாரம் விரல் தோலை லேசாக இழுத்து இழுத்து விடுவதால் வழுவழுப்பான உலோகமே சொரசொரப்பாகத் தோன்றுகிறது. இதே உத்தியைக் கொண்டு 2010-இல் டிஸ்னி ஆராய்ச்சிப் பிரிவினர், தொடுதிரையில் விரல் உராய்வைக் கூட்டிக் குறைத்துக் காட்டினார்கள். நம் செல்போன் 'டிக்' என்று அதிர்வதும், பிள்ளைகள் விளையாடும் வீடியோ கேம் கைப்பிடி நடுங்குவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

ஆனால் இவை எல்லாம் விரல் அறியும் பலவற்றில் ஒன்றிரண்டை மட்டும் தருகின்றன. திரையை மடிக்க முடியாது, கசக்க முடியாது, கனம் பார்க்க முடியாது, ஈரமும் குளிர்ச்சியும் தெரியாது. இன்றைய நிலையில் ஒரு பெட்ஷீட்டின் பதத்தைக் கடைக்காரரின் செல்போனுக்கு அப்படியே அனுப்ப வழியில்லை.

தொடு உணர்வும் பொய் சொல்லும் என்பதையும் மறக்கக் கூடாது. கஞ்சி ஏற்றிய துணி கைக்குக் கெட்டியாக இருக்கும். ஒரு தடவை நனைத்தால் வலை மாதிரி ஆகிவிடும். சாஃப்ட்னர் போட்ட துணி பட்டுப் போல இருக்கும். நான்கு துவையலில் சாயம் வெளுத்துவிடும் என்பதுபோல அந்த மென்மையும் கழன்றுவிடும். நாளைக்கே நவீனக் கருவி வந்தாலும், அனுப்புகிறவன் நேர்மை இல்லாதவன் என்றால் கருவியும் பொய்யைத்தான் சுமந்து வரும்.

நாம் செய்ய வேண்டியவை

அந்த 240 பெட்ஷீட்டுக்குப் பிறகு என் கடையில் சில விதிகளை வைத்திருக்கிறேன். உங்களுக்கும் பயன்படலாம்.

1. படம் எடுத்த லாட்டிலிருந்தே சரக்கு போக வேண்டும். லாட் நம்பரைச் சீட்டில் எழுதித் துணியின் மேல் வைத்துத்தான் படம் எடுக்கிறோம். லாட் மாறினால் படமும் மாற வேண்டும்.

2. புதுச் சரக்கு என்றால் கையகலத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைக் கூரியரில் அனுப்புகிறோம். மற்றதில் தேதி போட்டு நம்மிடமே வைத்துக்கொள்கிறோம். தகராறு வந்தால் இரு கையிலும் ஒரே துணி இருக்கும். கூரியர் செலவு ஒரு பீஸின் லாபம்கூட வராது.

3. ஒரு துண்டைத் துவைத்தும் ஒன்றைத் துவைக்காமலும் அனுப்புவது இன்னும் நல்லது. கஞ்சியின் வேஷம் அதில் கலைந்துவிடும்.

4. நூல் நம்பர், ரிங் நூலா ஓ.ஈ. நூலா என்பது, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்கிற ஜி.எஸ்.எம்., இவை மூன்றையும் பில்லிலேயே எழுதிவிட வேண்டும். மளிகை வணிகர்கள் ஈரப்பதக் கருவியின் அளவை எழுதலாம்.

5. "சூப்பர் குவாலிட்டி", "ஏ ஒன் சரக்கு" என்ற பேச்சை விட்டுவிட வேண்டும். அதற்குப் பொருளே இல்லை. "போன தீபாவளிக்கு நீங்கள் எடுத்ததைவிடக் கொஞ்சம் கனம் குறைவு, ஆனால் மெத்தென்று இருக்கும்" என்று இருவரும் ஏற்கெனவே தொட்ட ஒன்றோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஜப்பான்காரர் செய்ததும் இதைத்தான்.

6. கடைசியாக, எவ்வளவு அவசரமானாலும் பேல் கட்டும் முன் முதலாளியோ பொறுப்பான ஆளோ கையை வைத்துப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளரால் தொட முடியாதபோது, அவருக்காகத் தொட்டுப் பார்க்க வேண்டிய கை நம்முடையதுதான்.

இந்த ஆறாவது விதியை நான் 2021-இல் கடைப்பிடித்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

கெர்ட்ஸின் இரும்புக் கையிலிருந்து டாவின்சி 5 வரை விஞ்ஞானிகள் எழுபத்தைந்து ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகிறார்கள். நம் பேரப்பிள்ளைகள் காலத்தில், ஈரோட்டில் இருக்கும் துணியைத் தென்காசியில் இருந்தே ஒரு கடைக்காரர் தடவிப் பார்க்கும் நாள் வரக்கூடும். வந்தால் முதல் ஆளாக வரவேற்போம். அதுவரை கூரியரில் போகும் கையகலத் துண்டே நம்முடைய விஞ்ஞானம்.

அந்தத் தென் மாவட்டத்து அண்ணாச்சி இப்போது மறுபடியும் என்னிடம் சரக்கு எடுக்கிறார். துண்டு போய்ச் சேர்ந்ததும் போன் செய்வார். "பார்த்தேன்" என்று சொல்ல மாட்டார். "தொட்டேன், அனுப்புங்க" என்பார். அந்த ஒரு வார்த்தை வந்த பிறகுதான் எங்கள் கிடங்கில் பேல் கட்டுகிறார்கள்.